தலைக்கொரு வெளிச்சம்

மார்கழிக் காலை. நானும் மீனுவும் வரப்பில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கண்களை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

"கண்ணைத் திற மக்களே, வரப்பு வழுக்கும்."

"திறக்க மாட்டேன்."

"எதுக்கு?"

"திறந்தா தெரியும்லா."

வலப்பக்கம் சூரியன் அப்போதுதான் தென்னைகளுக்கு மேலே வந்திருந்தது. இடப்பக்கம் எங்கள் இருவர் நிழல்களும் நெற்பயிரின் மேல் நீளமாக விழுந்து, கூடவே நடந்து வந்தன. பயிர் முழங்கால் உயரம் நின்றது. தாளுக்குத் தாள் பனித்துளி. அந்தப் பக்கம் முகம் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கண் தெரியாதவளைப் போலக் காலால் தடவித் தடவி நடந்தாள்.

எதைப் பார்க்கக் கூடாது என்று அப்படி மூடிக்கொண்டாள் என்பதைச் சொல்வதற்கு முன், என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வானத்தோடு ஒரு பழக்கம்

மீனு பிறந்ததும் நான் வேலையை விட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "பகல் முழுக்க வீட்டில் என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். பதில் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். வானத்தைப் பார்ப்பேன்.

ரசனை என்று நினைத்துவிட வேண்டாம். அது பயத்தில் தொடங்கிய பழக்கம். நான் பிறந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். அங்கே கணவாய்க்குள்ளிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். தலைக்கு மேலே மேகம் கூட்டம் கூட்டமாக ஓடும், மழை மட்டும் வராது. கல்யாணமாகி வந்த இடம் தக்கலைக்குப் பக்கம், வேளிமலை அடிவாரம். ஒரு மணி நேர பஸ் பயணம்தான், ஆனால் வானம் வேறு. அதே மேகம் இங்கே வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகும்.

வந்த புதிதில், "இது சும்மா போற மேகமாக்கும்" என்று காயப்போட்ட துணியை எடுக்காமல் விட்டேன். எல்லாம் நனைந்தது. வீட்டில் ஒருவருக்கும் மாற்றுத் துணி இல்லாமல் போயிற்று. என் கணவரின் தங்கை சுபா இன்றைக்கும் அதை விடவில்லை. மழை தூறினால் போதும், "மைனி, இது உங்க ஊரு மேகமா எங்க ஊரு மேகமா? கேட்டுச் சொல்லுங்க, துணி எடுக்கணும்" என்பாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மேகத்தையும் சந்தேகப்படத் தொடங்கினேன். வேளிமலை உச்சியில் மேகம் தொப்பி போட்டால் சாயங்காலம் மழை. மலை மிகப் பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தெரிந்தாலும் மழைதான் என்பார்கள். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால், அதைக் கோட்டை கட்டியிருக்கிறது என்று சொல்வோம். எட்டக் கோட்டை என்றால் கிட்ட மழை.

பயந்து பயந்து பார்த்ததில் வானம் பிடித்துப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். வெயிலும் மழையுமாக அடிக்கும் சாயங்காலங்களில் மீனுவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். கிழக்கே வானவில் இருக்கும். சில நாள் இரண்டு. இரண்டாவதில் நிறங்கள் தலைகீழாக இருப்பதைக் காட்டுவேன். அவள் அப்போது இடுப்புக் குழந்தை. என் மூக்கைத்தான் பார்ப்பாள்.

கல்லூரியில் இயற்பியல் படித்தேன். ஒருநாள் நடுப்பகலில் சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம் தோன்றியது. மாணவிகள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். உயரத்து மேகத்தில் இருக்கும் பனிப்படிகங்களால் வருவது அது என்று முந்தின வாரம்தான் படித்திருந்தோம். நான் மட்டும் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. சூரியனைப் பார்த்தால் கண் போய்விடுமே. தோழிகளின் முகத்தைப் பார்த்து, வளையம் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

லைட் எரியுகு

மீனுதான் முதலில் பார்த்தாள். மழை விட்டு, பனி இறங்கத் தொடங்கிய நாட்கள். வரப்பில் போகும்போது நின்றுவிட்டாள்.

"அம்மா, எனக்க தலையில லைட் எரியுகு."

அவள் நிழலைக் காட்டினாள். பார்த்தேன். பின்னிய ஜடை, பை, எல்லாம் நிழலில் தெரிந்தது. வெளிச்சம் ஒன்றும் இல்லை.

"எங்க?"

"தலைய சுத்தி. வெள்ளையாட்டு. பாரு, நான் நடந்தா அதுவும் வருகு."

"உனக்க தலையில மட்டுமா?"

"ஆமா. உனக்கு இல்ல."

நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துத் தேடினேன். வெளிச்ச வட்டம் தெரிந்தால் என்ன நோய்? அப்படித் தேடினால் போன் எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணில் அழுத்தம் என்றது. மூளை என்றது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவரிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளை எதையாவது சொல்லும். நீ கெடந்து பதறாத" என்றார். சனிக்கிழமை நான் மீனுவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அம்மாள் நிதானமானவர். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, எல்லாம் பார்த்தார்.

"கண்ணு நல்ல கண்ணு. ஒரு குறையும் கெடையாது."

"அப்பம் அந்த வெளிச்சம்?"

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தூக்கம் காணாதுன்னு நெனைக்கேன்."

திரும்பும்போது பஸ்ஸில் மீனு என் மடியில் தூங்கிவிட்டாள். நோய் இல்லை என்ற நிம்மதி பார்வதிபுரம் தாண்டுவதற்குள் தீர்ந்து போயிற்று. நோய் இல்லை என்றால், பிள்ளை ஏன் இல்லாததைச் சொல்கிறாள்?

கள்ளம்

அதே கேள்வியைப் பள்ளிக்கூடமும் கேட்டது.

மீனு வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். தன் தலையைச் சுற்றி வெளிச்சம் உண்டு, வேறு யாருக்கும் கிடையாது என்று. அவளுடைய உயிர்த்தோழி அபிஷா, "காட்டு பாப்போம்" என்று கேட்டிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டமே மைதானத்தில் போய் நின்று பார்த்திருக்கிறது. உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் நேரம். பனி காய்ந்து எவ்வளவோ நேரமாயிற்று. ஒன்றும் தெரியவில்லை.

அன்று முதல் அவள் பெயர் 'கள்ளி'. எங்கள் பக்கம் பொய்யைக் கள்ளம் என்றுதான் சொல்வோம்.

ஸ்டெல்லா டீச்சர் நல்லவர். பிள்ளைகளைத் தொட்டுப் பேசுவார். வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்.

"மீனு நல்ல பிள்ளையாக்கும். ஆனா இப்பம் கள்ளம் சொல்லப் படிச்சிருக்கா. சாமி படத்துல உள்ள மாதிரி தலைக்குப் பின்னால வட்டம் இருக்குன்னு சொல்லுகா. மத்த பிள்ளைங்களுக்கு இல்லைன்னும் சொல்லுகா. அதுதான் எனக்குப் பிடிக்கல்ல. வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற மீனு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "வெளிச்சம் ஒண்ணும் இல்லம்மா. நான் சும்ம சொன்னேன்."

குரலில் அழுகை இல்லை. கணக்கு முடித்த பெரியவர்கள் பேசுவதுபோலச் சொன்னாள். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் வரப்பில் கண்ணை மூடத் தொடங்கினாள்.

இல்லாத வெளிச்சம் என்றால் கண்ணை மூட வேண்டியது இல்லையே. அதுதான் என்னை அறுத்தது. இருக்கிறதை இல்லை என்று சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகப் பார்க்காமலே நடக்கிறாள். ஏழு வயதுகூட நிறையவில்லை. இன்றைக்கு இதை விழுங்கினால், நாளைக்கு எதை எதை விழுங்குவாள்?

சுபாவோடு ஒரு சண்டை

தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலை, அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். முதலில் வெளிச்சத்தைப் பார்த்து அவள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். அவள் நிழலைத்தான் அத்தனை நாளும் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். என் நிழலைப் பார்த்தது இல்லை. எந்த அம்மா பார்ப்பாள்?

பார்த்தேன். என் தலை நிழலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வெளிச்சம். மற்ற இடத்துப் பயிரைவிட அந்த இடம் மட்டும் தெளிந்து, பனியே விளக்கானதுபோல இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தேன். கூடவே வந்தது.

எனக்கு முதலில் தோன்றியது ஆச்சரியம் இல்லை. 'ஐயோ, எனக்கும் கண் போயிற்று' என்பதுதான்.

சுபா தக்கலையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"மைனி, பஸ்ஸு போயிரும். என்ன, பாம்பா?"

"பாம்பு இல்ல. எனக்க பக்கத்துல நில்லு. நிழலைப் பாரு. எனக்க தலைய சுத்தி வெளிச்சம் இருக்கா?"

அவள் பார்த்தாள்.

"உங்க தலையிலயா? ஒண்ணும் இல்ல. எனக்க தலையிலதான் இருக்கு."

"இல்ல சுபா, எனக்காக்கும் இருக்கு. உனக்கு இல்ல."

"இது என்ன எளவா இருக்கு! கண்ணு முன்னால ஜொலிக்குகு, இல்லங்குதியளே! உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"எனக்குத்தான்."

"எனக்குத்தான்!"

வயல்காட்டில் நின்று இரண்டு பெண்கள் வெளிச்சத்துக்குச் சண்டை போட்டோம். சட்டென்று இருவரும் நிறுத்தினோம். இதே வார்த்தைகளைத்தானே மீனு சொன்னாள். எனக்கு உண்டு, உனக்கு இல்லை.

அப்போதுதான் என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது. ரோட்டோரத்துப் பலகைகளில் வண்டி விளக்கு பட்டால், வெளிச்சம் வந்த வழியே வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் திரும்பும். பனித்துளியும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெயிலை வாங்கி, வந்த திசைக்கே அனுப்புகிறது. அந்தத் திசையில் இருப்பது அவரவர் தலை. என் தலை நிழலைச் சுற்றியுள்ள துளிகளின் வெளிச்சம் என் கண்ணுக்குத்தான் வரும். பக்கத்தில் நிற்கிறவளுக்கு வராது. அவளுக்கு அவளுடையது.

சுபா போனில் ஒரு படம் எடுத்தாள். படத்தில் அவள் தலையில்தான் வெளிச்சம். என்னிடம் காட்டி, "பாத்தியளா, போனும் எனக்க கட்சி" என்றாள். பஸ் போயே போயிற்று.

வெயிலுக்குக் காத்திருந்தது

சாயங்காலம் மீனுவிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எனக்க லைட் உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல மக்களே. அது உனக்கு மட்டும்தான் தெரியும்."

"பின்ன எப்படி உள்ளதுன்னு சொல்லுக?"

மறுநாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாள்.

நான் ஸ்டெல்லா டீச்சரிடம் போய் நின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வயல். நாளைக் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகளை வரப்புக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "அம்மமாரு யாரு பிள்ளைய விட்டுக் குடுப்பா? செரி, காட்டுங்க பாப்போம்."

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து முற்றத்தில் நின்று பார்த்தேன். நிலாவைச் சுற்றிப் பெரிய கோட்டை. விடிந்தபோது வானம் முழுக்கச் சாம்பல். பத்து மணிக்குத் தூறல். அதற்கு மறுநாளும் மழை. மழை விட்டதும் காற்று பிடித்துக்கொண்டது. காற்று அடித்தால் பனி இறங்காது. நான் பிறந்த ஊர்க் காற்று என்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

துணி காய வெயிலுக்கு ஏங்கியிருக்கிறேன். பிள்ளையின் வார்த்தைக்காக ஏங்கியது அதுதான் முதல் தடவை.

வகுப்பில் அபிஷா, "உனக்க அம்மையும் கள்ளம்" என்று சொல்லியிருக்கிறாள். மீனு அதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. "நீ டீச்சர்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான். சரியாகத்தான் சொன்னாளோ என்று எனக்கும் இருந்தது. நம்மால் கட்டுப்படுத்த முடியாத வெயிலை நம்பி ஒரு பிள்ளையை இரண்டாவது தடவை கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தலாமா?

ஒரு சாயங்காலம் காற்று நின்றது. வேளிமலை தொப்பி இல்லாமல் நின்றது. மழைக்கு அடையாளம் என்பார்களே, அப்படிப் பக்கத்தில் வந்து நிற்கவும் இல்லை, தள்ளியே இருந்தது. விளக்கு வைத்த பிறகு நட்சத்திரங்கள் வந்தன. முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை.

"நாளைக்குத்தான் மைனி" என்றாள் சுபா. "எழுதி வச்சுக்கோங்க."

"நீ வாயை மூடு, கண்ணு படும்."

பின்வயலில்

காலையில் பனி வேண்டிய மட்டும் இருந்தது. வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தது. மூடுபனி. தென்னை தெரியவில்லை. சூரியன் கஞ்சித் தட்டு மாதிரி வெளுத்து மங்கலாகத் தொங்கியது. நிழலே விழவில்லை.

டீச்சர் சொன்ன சொல் மாறவில்லை. இரண்டாம் வகுப்பு முழுவதையும் வரிசையாக வரப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளைகள் குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குதித்தார்கள்.

"டீச்சர், எங்க லைட்டு?"

"கரண்டு இல்லடே" என்றது ஒரு குரல். வரிசை முழுக்கச் சிரிப்பு. மீனு என் சேலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அவள் விரல்கள் இறுகுவது துணி வழியாகவே தெரிந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். பரிதாபமான பார்வை. "மணி அடிக்கப் போகு. இன்னொரு நாளைக்குப் பாப்போமா?"

"கொஞ்சம் நேரம் டீச்சர்."

மேலே பார்த்தேன். தலைக்கு நேர் மேலே மூடுபனி நீலமாகிக்கொண்டிருந்தது. மேலே நீலம் தெரிந்தால் அது மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முதுகில் இளஞ்சூடு பட்டது. பிறகு பயிரின் மேல் மங்கலாகத் தலை நிழல்கள். பிறகு ஒரேயடியாக வெயில் விழுந்தது. ஒவ்வொரு துளியும் கண் திறந்தது.

குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள்.

"டீச்சர்! எனக்கு இருக்கு!"

"போடா, உனக்கு இல்ல. எனக்காக்கும்!"

"ஏட்டி, தள்ளு! இது எனக்க லைட்டு!"

"டீச்சர், இவன் கள்ளம் சொல்லுகான், இவன் தலையில ஒண்ணுமே இல்ல!"

வரப்பு முழுக்க அந்த ஒரே சண்டை. கை காட்டினார்கள், குனிந்தார்கள், ஓடினார்கள், ஓடினாலும் கூடவே வருகிறதா என்று பார்த்தார்கள். அபிஷா இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இருக்கு... எனக்கும் இருக்கு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றாள்.

"சத்தம் போடாதுங்க பிள்ளேளே" என்ற டீச்சர், பாதியில் நிறுத்திவிட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "எனக்கும் இருக்கு" என்றார் மெல்ல.

பிறகு வரிசையைத் தாண்டி மீனுவிடம் வந்தார். குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "நீ உள்ளதைத்தான் சொன்ன மக்கா. எனக்குத்தான் பாக்கத் தெரியல்ல."

மீனு கண்ணைத் திறந்தாள். நேராகத் தன் நிழலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சரிபார்ப்பதுபோல அப்படியே நின்றாள். அபிஷா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, "உனக்கு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள். மீனு கையால் அளவு காட்டினாள். அதோடு அவர்கள் சண்டை தீர்ந்தது.

என் கண்ணில் நீர் வந்திருந்தது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். மீனு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இப்பமாவது எனக்க லைட் உனக்குத் தெரியுகா?"

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் சந்தோஷமாக இருந்த நேரம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் காலையில் அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மக்களே. எனக்கு எனக்கதுதான் தெரியுகு."

அவள் யோசித்தாள். எங்கள் இரண்டு நிழலையும் பார்த்தாள். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"குனி" என்றாள்.

வரப்பில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். ஈரம் சேலையில் ஏறியது. அவள் என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இழுத்து, தன் கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டினாள். காது சில்லென்றிருந்தது. தேங்காய் எண்ணெய் மணந்தது. பயிரின் மேல் இரண்டு தலை நிழல்களும் ஒன்றாகச் சேர்ந்தன. என் வெளிச்சம் அவள் ஜடைவரைக்கும் பரவி நின்றது.

"டீச்சர், அவங்க ரெண்டு பேரும் ஒட்டி நிக்குகாங்க, அது கள்ள ஆட்டம்!" என்று யாரோ கத்தினார்கள். உடனே வரப்பு முழுக்கத் தலையோடு தலை முட்டும் சத்தம்.

"இப்பம் தெரியுகா?"

"தெரியுகு."

"உள்ளதா?"

"உள்ளது."

"அப்பம் அசையாத" என்றாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. நான் அசையவில்லை.